ஒரே லங்காஸ்டர், ஆளுக்கொரு கறுப்பு: சிமுலேட்டர் ஸ்கின்களில் நிறம் ஏன் ஒத்துப்போவதில்லை

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டுகளில், இரண்டாம் உலகப் போரில் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்றுக்கு ஸ்கின் (விமானத்தின் மேல் போர்த்தும் வண்ணப் படம்) தேடினால் நாலு கிடைக்கும், நாலும் நாலு நிறத்தில் இருக்கும். ஒரே லங்காஸ்டர் (பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்), ஒரே பதிவெண், ஒரே ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) எழுத்து. ஆனால் ஒன்றில் வயிறு அட்டக்கறுப்பு, இன்னொன்றில் கருஞ்சாம்பல், மூன்றாவதில் பழுப்பு கிட்டத்தட்ட ஆரஞ்சுப் பக்கம் போயிருக்கும். எது சரி என்ற சண்டை ஓய்வதே இல்லை.

சண்டையில் பாதிக்குக் காரணம், இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. 1943-ல் அந்த விமானத்தின் மேல் என்ன பெயின்ட் இருந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயின்ட்டை இன்றைய திரையில் காட்ட கம்ப்யூட்டருக்கு என்ன எண் கொடுக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆவணமும் புகைப்படமும் வேண்டும், இரண்டாவதற்கு ஒளி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்றதில் கோட்டை விடுவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்கின் என்றால் உண்மையில் என்ன

சிமுலேட்டரில் விமானம் ஒரு முப்பரிமாண வடிவம். அதன் மேற்பரப்பை, தையல்காரர் சட்டைக்குத் துணி வெட்டுவது போலத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு தட்டையான சதுரப் படத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். இந்த அமைப்புக்கு யூவி மேப் என்று பெயர். அந்தச் சதுரத்தில் எதைத் தீட்டுகிறோமோ அது விமானத்தின் மேல் போய் உட்காரும். டிசிஎஸ் வேர்ல்ட், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற இன்றைய சிமுலேட்டர்களில் ஒரே ஒரு படம் போதாது, குறைந்தது மூன்று வேண்டும்:

1. நிறப் படம். ஆல்பிடோ அல்லது பேஸ் கலர் என்பார்கள். வெளிச்சம், நிழல் எதுவும் சேராத, பரப்பின் சொந்த நிறம் மட்டும்.
2. நார்மல் மேப். தகடுகளின் இணைப்புக் கோடு, ரிவெட், மேடு பள்ளம் இவற்றின் மேல் ஒளி எப்படித் திரும்பும் என்று சொல்லும் படம்.
3. பரப்புத் தன்மைப் படம். டிசிஎஸ்ஸில் ரஃப்மெட் என்று பெயர். கண்ணுக்கு விசித்திரமான வண்ணத்தில் தெரியும் இந்தப் படத்தில் மூன்று தகவல்கள் ஒளிந்திருக்கின்றன: சிவப்புச் சேனலில் (படத்தின் சிவப்பு அடுக்கில்) இடுக்குகளின் நிழல், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் அந்த இடம் உலோகமா இல்லையா என்பது.

மூன்றாவது படத்தைத் தொடாமல் விடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பெயின்ட் உதிர்ந்து அலுமினியம் தெரிகிற மாதிரி நிறப் படத்தில் வெள்ளிச் சாம்பல் புள்ளி வைத்துவிட்டு நீலச் சேனலை அப்படியே விட்டால், சிமுலேட்டர் அதை உலோகமாக எடுத்துக்கொள்ளாது. சூரியன் பட்டாலும் அது மின்னாது, சாம்பல் பெயின்ட் சிந்திய கறையாகத்தான் தெரியும்.

அப்புறம் அளவு. லங்காஸ்டரின் நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். அந்த நீளம் முழுவதும் 4096 பிக்சல் அகலமுள்ள படத்தில் விரிந்தால் ஒரு பிக்சல் சுமார் 5 மில்லிமீட்டர். வால் பக்கம் 8 அங்குல உயரத்தில் எழுதிய பதிவெண்ணுக்கு 40 பிக்சல் கிடைக்கும், தெளிவாகப் படிக்கலாம். இரண்டு விரல் உயரமுள்ள பராமரிப்புக் குறிப்புகளுக்கு ஐந்தாறு பிக்சல்தான், படிக்க முடியாது. பழைய ஐஎல்-2 என்ற சிமுலேட்டரின் காலத்தில் 1024 பிக்சல் படமும் மொத்தம் 256 நிறமும்தான் இருந்தன. அதில் பதிவெண்ணுக்கே பத்துப் பிக்சல். அந்தக் காலத்து ஸ்கின்களைப் பார்த்து "அசிரத்தையாகச் செய்திருக்கிறார்கள்" என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று, சில விமான மாடல்களில் வலது இடது இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டைப் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஒரு பக்கம் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிவிடும், இரு பக்கமும் வேறுபடும் உருமறைப்பை வரையவே முடியாது. ஸ்கின் சரியில்லை என்று திட்டுவதற்கு முன் மாடல் இடம் கொடுத்ததா என்று பார்ப்பது நல்லது.

அந்த நிறங்கள் எதற்காக இருந்தன

பிரிட்டனின் பாம்பர் கமாண்ட் பெரும்பாலும் இரவில் பறந்தது. அதனால் லங்காஸ்டரின் மேற்பக்கம் டார்க் கிரீன், டார்க் எர்த் என்ற பச்சையும் பழுப்பும்: பகலில் தரையில் நிற்கும்போது மேலிருந்து பார்ப்பவன் கண்ணில் படக் கூடாது. பக்கவாட்டும் வயிறும் நைட் என்ற கறுப்பு: இரவில் தேடுவிளக்கு பட்டாலும் ஒளி குறைவாகத் திரும்ப வேண்டும். மேல் இறக்கையின் வட்டச் சின்னத்தில் வெள்ளை இல்லை, நீலமும் சிவப்பும் மட்டும். இரவு விமானங்களுக்கு இறக்கையின் அடியில் சின்னமே கிடையாது. ஸ்குவாட்ரன் எழுத்துகளும் மங்கிய சிவப்பில். எல்லாம் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

இந்தக் கறுப்பிலேயே இரண்டு வகை உண்டு. போரின் முதல் ஆண்டுகளில் ஸ்பெஷல் நைட் என்ற, ஒளியை நன்றாக விழுங்கும் சொரசொரப்பான கறுப்பைப் பூசினார்கள். பரப்பு அவ்வளவு சொரசொரப்பாக இருந்ததால் காற்றுத் தடை கூடி வேகம் குறைந்தது, பின்னால் வழவழப்பான நைட்டுக்கு மாறினார்கள். சிமுலேட்டரில் இரண்டுக்கும் நிறப் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, பச்சைச் சேனலில்தான் வித்தியாசம் வரும். நிறம் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அமெரிக்கர்கள் பகலில் பறந்தார்கள். அவர்களின் பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு மேலே ஆலிவ் டிராப் 41, கீழே நியூட்ரல் கிரே 43. இறக்கை, வால் விளிம்புகளில் மீடியம் கிரீன் 42 திட்டுகள். 1944 தொடக்கத்தில் ஆலையிலிருந்து வந்த பி-17-கள் பெயின்ட்டே இல்லாமல் வெறும் அலுமினியத்தில் வர ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கான விமானங்கள் வெண்புகைக் கோடு இழுத்துக்கொண்டு போகும்போது உருமறைப்பால் எந்தப் பயனும் இல்லை, பெயின்ட்டை விட்டுவிட்டால் எடையும் வேலை நேரமும் மிச்சமாகும். மூக்கின் மேல்பக்கத்தில் மட்டும் விமானியின் கண் கூசாமலிருக்க ஆலிவ் டிராப் பட்டை இருந்தது.

ஜெர்மனியின் ஹைன்கல் 111, யுங்கர்ஸ் 88 ஆகியவற்றுக்கு ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) 70, 71 என்ற இரண்டு கரும்பச்சைகளும் அடியில் ஆர்எல்எம் 65 வெளிர்நீலமும். அந்த இரண்டு பச்சைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை, கொஞ்ச நாள் வெயில் பட்டாலே வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். ஸ்கின்களில் அதைப் பளிச்சென்று இரண்டு நிறமாகக் காட்டுவது பார்ப்பவருக்குப் பிடிக்கும், ஆனால் அது சரியல்ல.

எந்த விமானம் என்பதோடு, எந்த நாள்

என் பார்வையில் ஸ்கின் வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. போர்க்கால விமானத்துக்கு நிலையான தோற்றம் என்று ஒன்று கிடையாது. ஸ்குவாட்ரன் மாறும், சின்னம் மாறும், ஒவ்வொரு தாக்குதலுக்கும் மூக்கில் ஒரு குண்டுப் படம் கூடும்.

ஆர் 5868 என்ற லங்காஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஹெண்டனில் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் பிஓ-எஸ் என்ற எழுத்துகளோடு, "எஸ் ஃபார் ஷுகர்" என்ற பெயரோடு நிற்பது இதுதான். ஆனால் 1942-ல் இது 83-ஆம் ஸ்குவாட்ரனில் ஓஎல்-க்யூ ஆக இருந்தது. 1943 செப்டம்பரில்தான் ஆஸ்திரேலியர்களின் 467-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போய் பிஓ-எஸ் ஆனது. "எந்த எதிரி விமானமும் ரைஷின் (ஜெர்மனியின்) எல்லைக்கு மேல் பறக்காது" என்ற ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் பேச்சை, வரிசை வரிசையான குண்டுப் படங்களுக்குப் பக்கத்தில் மூக்கில் எழுதியது அங்கேதான். இது பறந்த தாக்குதல் பயணங்களின் கணக்கு 137. ஆக 1943 இலையுதிர்காலத்துப் பறப்பு ஒன்றுக்கு 137 குண்டுப் படங்கள் உள்ள ஸ்கின்னைப் போட்டால், அந்த விமானம் இன்னும் செய்யாத பயணங்களையும் சேர்த்து அதன் மேல் எழுதிவிடுகிறோம்.

அமெரிக்க விமானங்களில் தேதியைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது, தேசியச் சின்னம் அடிக்கடி மாறியதால்:

1. 1942 மே வரை: நீல வட்டத்தில் வெள்ளை நட்சத்திரம், நடுவில் சிவப்புப் புள்ளி.
2. 1942 மே முதல்: சிவப்புப் புள்ளி போய்விட்டது. பசிபிக்கில் அதை ஜப்பானியச் சின்னமென்று நினைத்து நம் ஆளே சுட்டுவிடக் கூடாது என்று எடுத்தார்கள்.
3. 1943 ஜூன் கடைசி முதல்: இரு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்ந்தது, சுற்றிலும் சிவப்பு விளிம்பு.
4. அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில்: விளிம்பு நீலமாக மாறியது.

இதை மெம்ஃபிஸ் பெல் என்ற புகழ்பெற்ற அமெரிக்க விமானத்தில் பொருத்திப் பாருங்கள். 91-ஆம் பாம்ப் குரூப்பின் பி-17எஃப், பதிவெண் 41-24485, உடலில் டிஎஃப்-ஏ. அதன் விமானி ராபர்ட் மோர்கனின் குழு 25-ஆவது பயணத்தை முடித்தது 1943 மே 17-ல். விமானத்தின் சொந்த 25-ஆவது பயணமோ இரண்டு நாள் கழித்து, மே 19-ல், வேறொரு குழுவோடு. ஜூனில் அது அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளைப் பட்டைக்கான உத்தரவு வந்ததே அதற்குப் பிறகுதான். 91-ஆம் குரூப்பின் வாலில் பிரபலமான முக்கோணத்துக்குள் ஏ எழுத்து வந்ததும் அந்தக் கோடையில், பெல் கிளம்பிய பின். ஆகவே பெல்லின் வாலில் முக்கோணம் போட்டு ஜெர்மனிக்கு மேல் பறக்கவிடும் ஸ்கின்னுக்கு, பெயின்ட் நிறம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நாள் தப்பு.

பெல்லின் மூக்கில் இருக்கும் பெண் உருவம் ஓவியர் ஜார்ஜ் பெட்டி எஸ்குயர் பத்திரிகைக்கு வரைந்ததிலிருந்து எடுத்தது, விமானத்தில் தீட்டியவர் அந்தக் குரூப்பின் டோனி ஸ்டார்சர். இடப்பக்கம் நீல உடை, வலப்பக்கம் சிவப்பு உடை. ஒரு பக்கத்தை வரைந்து திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் ஒட்டினால் இது தொலைந்துபோகும். புகைப்படத்தில் ஒரு பக்கம் மட்டும் கிடைக்கிற எல்லா விமானங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கறுப்பு வெள்ளைப் படம் எங்கே ஏமாற்றுகிறது

சரி, ஆதாரம் என்றால் புகைப்படம்தானே? ஆமாம், ஆனால் அந்தக் காலப் படங்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை, அதிலும் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது.

ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவே விழும், மஞ்சளும் கணிசமாக இருண்டுவிடும், நீலம் வெளுத்துப்போகும். பான்குரோமேட்டிக் ஃபிலிமோ எல்லா நிறத்தையும் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிற அதே வெளிச்சத்தில் பதியும். இந்த வித்தியாசம் தெரியாமல் படத்தைப் படித்தால் விபரீதமாகப் போகும். பிரிட்டிஷ் விமானத்தின் பக்கவாட்டுச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு. ஆர்த்தோ படத்தில் அது கறுத்துப்போய் "வளையமே இல்லை" என்று தோன்றும். கறுப்பு உடலில் மங்கிய சிவப்பில் எழுதிய ஸ்குவாட்ரன் எழுத்து மொத்தமாகவே மறைந்துவிடும், எழுத்தே எழுதாத விமானம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எந்த ஃபிலிம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்துக்குள்ளேயே நிறம் உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். மிகச் சுலபமான சாட்சி வாலில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை. அதில் நீலம் சிவப்பைவிடத் தெளிவாக வெளுத்திருந்தால் ஆர்த்தோ. சிவப்பு நீலத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகவோ சமமாகவோ இருந்தால் பான். கேமராவில் வடிகட்டி மாட்டியிருந்தால் இதுவும் மாறும், அதனால் ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் அதே விமானத்தின் இன்னொரு படத்தோடு ஒப்பிடுவதுதான் முறை.

வண்ணப்படமும் இருக்கத்தான் இருக்கிறது. 1943-ல் திரைப்பட இயக்குநர் வில்லியம் வைலரின் குழு பி-17-களில் ஏறி 16 மில்லிமீட்டர் வண்ண ஃபிலிமில் எடுத்த காட்சிகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆலிவ் டிராப் ஒரே விமானத்திலேயே எத்தனை விதமாக வெளுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பி-17-இன் சுக்கான், எய்லரான், எலிவேட்டர் ஆகியவை (விமானத்தைத் திருப்ப அசையும் பகுதிகள்) துணி போர்த்தியவை. துணிமேல் பூசிய பெயின்ட் உலோகத்தின் மேல் பூசியதைப் போல வெளுக்காது, அதனால் அந்தப் பகுதிகள் தனி நிறமாகத் தெரியும். ஆனால் ஃபிலிமுக்கு வயதாகும்போது சாயமும் நகரும், ஸ்கேன் செய்தவர் நிறத்தைத் திருத்தியும் இருப்பார். ஆகவே வண்ணப்படத்திலிருந்து ஒரு பிக்சலின் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது தப்பு. எது எதைவிட வெளிச்சம், எது எதைவிட மஞ்சள் என்ற ஒப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அருங்காட்சியகத்தில் நிற்பதைப் பார்த்து வரையலாமா

எச்சரிக்கையோடு வரையலாம். பிரிட்டனில் இன்றும் பறக்கும் ஒரே லங்காஸ்டரான பிஏ 474 தயாரானதே 1945-ல், ஜெர்மனி மேல் ஒரு தாக்குதலுக்கும் போனதில்லை. அது எப்போதும் வேறு விமானங்களின் வேடத்தில்தான் பறக்கிறது. 2017-ல் பூசியபோது ஒரு பக்கம் 460-ஆம் ஸ்குவாட்ரனின் ஏஆர்-எல், மறுபக்கம் 50-ஆம் ஸ்குவாட்ரனின் விஎன்-டி என்று இரண்டு விமானங்களை ஒரே உடலில் போட்டார்கள். நினைவு போற்றும் வகையில் அது நல்ல காரியம்தான். அதன் இரண்டு பக்கப் புகைப்படத்தையும் எடுத்து ஒரே விமானமாக ஸ்கின் செய்தால் அப்படி ஒரு விமானம் உலகத்தில் இருந்ததே இல்லை.

ஹெண்டனில் நிற்கும் ஆர் 5868 அங்கே வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஸ்காம்ப்டன் விமானத்தள வாசலில் வெட்டவெளியில் நின்றது. மெம்ஃபிஸ் பெல்லும் மெம்ஃபிஸ் நகரில் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2018 மே 17-ல்தான் ஓஹியோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று இவற்றின் மேல் இருக்கும் பெயின்ட் போர்க்காலத்தது இல்லை. எழுத்தின் இடம், அளவு, தகட்டுக் கோடு, ரிவெட் வரிசைக்கு இவை அருமையான ஆதாரம். நிறத்துக்கு இரண்டாம்பட்சம்தான். அதிலும் விளக்கொளியில் கைப்பேசியில் எடுத்த படத்திலிருந்து நிறம் எடுப்பது வீண், கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளைச் சமநிலையை மாற்றிவிடும்.

பெயின்ட் எண்ணிலிருந்து பிக்சல் எண்ணுக்கு

இதுவரை சொன்னது வரலாற்றுப் பாதி. இப்போது மற்ற பாதிக்கு வருவோம்.

நிறத் தரநிலை ஆவணங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 381சி-யில் டார்க் எர்த் 450, டார்க் கிரீன் 641. அமெரிக்க நிறங்களுக்குப் எஃப்எஸ் 595 என்ற பிற்காலத்து அமெரிக்க அரசுத் தரநிலையில் நெருக்கமான எண்களைச் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு இணையத்தில் கிடைக்கும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவு) மதிப்பை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் சிமுலேட்டரில் ஏற்றினால் ஒத்துவராது. காரணங்கள்:

1. திரையின் எண்கள் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 255-க்கு 50 என்றால் 20 சதவீத வெளிச்சம் என்று தோன்றும், உண்மையில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான்.
2. எந்தக் கறுப்புப் பெயின்ட்டும் ஒளியை முழுதாக விழுங்காது, பளபளப்பில்லாத மேட் கறுப்புகூட 4 சதவீதத்தை ஒட்டித் திருப்பி அனுப்பும். அப்படியானால் நைட்டுக்கு 50-60 என்ற எண்தான் பொருத்தம். பூஜ்யம் போட்டால் வயிற்றுப் பகுதியில் வடிவமே தெரியாது, ரிவெட்டும் கோடும் இருளில் முழுகிவிடும். அட்டக்கறுப்பு ஸ்கின்கள் அவ்வளவு போலியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.
3. வெறும் அலுமினியம் எதிர்த் திசை. அது 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். நிறப் படத்தில் கிட்டத்தட்ட வெள்ளை போட்டு, உலோகச் சேனலை முழுதாகத் திறந்து, பளபளப்பைச் சொரசொரப்புச் சேனலில் கட்டுப்படுத்த வேண்டும். நடுச்சாம்பல் போட்டால் ஈயப் பாத்திரம்தான்.
4. கடைசியாகத் திரைக்கு வரும் நிறத்தைச் சூரியனின் உயரம், வானம், மேகம், டோன் மேப்பிங் (வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றும் கணக்கு) எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஒரே எண் ஒரு சிமுலேட்டரில் பச்சையாகவும் மற்றொன்றில் பழுப்பாகவும் தெரிவது இதனால்தான்.

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: சின்ன மாடலில் உண்மையான நிறம் இருட்டாகத் தெரியும் என்று கொஞ்சம் வெள்ளை கலப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு சிமுலேட்டருக்கு வருபவர்கள் இங்கேயும் வெளுத்த நிறம் போடுகிறார்கள். தேவையில்லை. விமானம் தூரம் போகப் போக நடுவில் இருக்கும் காற்றின் மூட்டத்தைச் சிமுலேட்டரே சேர்க்கிறது. நாமும் சேர்த்தால் இரட்டை வெளுப்பு. அதே மாதிரி எஞ்சினுக்கு அடியில் நிழலை நிறப் படத்திலேயே வரைவதும் பழைய காலத்து வழக்கம். இன்று சூரியன் நகரும்போது அந்த நிழல் மட்டும் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கறுப்பு விமானங்களுக்கு மட்டும் வரும் ஒரு தொந்தரவும் உண்டு. டிடிஎஸ் கோப்பாகச் சேமிக்கும்போது படம் நாலுக்கு நாலு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்படும். பழைய டிஎக்ஸ்டி1 முறையில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 5 பிட், பச்சைக்கு மட்டும் 6 பிட். இருண்ட சாம்பலில் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும்: நைட் பூசிய வயிற்றில் லேசான பச்சையும் ஊதாவும் கலந்த சதுரத் திட்டுகள். நிறத்தைத் தவறாகப் போட்டுவிட்டோமோ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிசி7 முறையில் சேமித்துப் பார்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

அழுக்கு எவ்வளவு

அழுக்கிலும் தேய்மானத்திலும் ஸ்கின் செய்பவர்களுக்குத் தனி ஆசை. பெயின்ட் உரிந்து, துரு வழிந்து, புகை அப்பி, போர் முடிந்து முப்பது வருடம் ஆன மாதிரி வரைவார்கள். அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். அடுத்து, தயாரான 7377 லங்காஸ்டர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை தாக்குதலுக்குப் போய்த் திரும்பவில்லை. பல விமானங்கள் வந்து சேர்ந்த சில மாதங்களுக்குள் தொலைந்தன, பெயின்ட் உரிய அவற்றுக்கு நேரம் இருக்கவில்லை. ஏழு பேர் கொண்ட ஒரு குழு கடைசியாக ஏறிய விமானத்தை வரைகிறோம் என்றால், அது ஏறக்குறைய புதிதாகவே இருந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பழையதாகக் காட்டினால் படம் அழகாக வரும், அந்தக் குழுவின் கதை மாறிவிடும்.

உண்மையில் அழுக்கு சேர்ந்த இடங்கள் திட்டவட்டமானவை. எஞ்சின் புகைக்குழாய்களுக்குப் பின்னால் இறக்கையின் மேல் நீளும் கறை. எரிபொருளில் ஈயம் கலந்திருந்ததால் அது வெறும் கறுப்பாக இல்லாமல் வெளிர் சாம்பலும் பழுப்புமாகப் படியும். மெக்கானிக்குகள் ஏறி நடந்த, இறக்கை உடலோடு சேரும் இடம், எரிபொருள் மூடிகளின் சுற்றுப்புறம், சக்கரம் வாரியடித்த சேறு. புகைப்படத்தில் கறை தெரிகிற இடத்தில் மட்டும் வரைந்தால் தப்பே வராது.

சின்னங்களும் சட்டமும்

ஜெர்மன் விமானங்களின் வாலில் நாஜி ஸ்வஸ்திகா இருந்தது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. கலை, ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, 2018 முதல் விளையாட்டுகளையும் அந்த விலக்கின் கீழ் தனித்தனியாகப் பரிசீலிக்கிறார்கள். ஆனாலும் பல சிமுலேட்டர்கள் அதைச் சேர்ப்பதில்லை. "வரலாற்றை மறைக்கிறார்கள்" என்று கோபப்படுவதற்கு முன் இந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நேச நாட்டு விமானங்களிலும் இதே சிக்கல் வரும்: மெம்ஃபிஸ் பெல்லின் மூக்கில் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்குச் சொல்லி எட்டு ஸ்வஸ்திகாக்கள் உண்டு.

இலங்கைக்கு மேல் பறந்தவை

ஐரோப்பிய விமானங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடக்கும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் பறந்தவற்றுக்கு ஸ்கின்கள் குறைவு, இருப்பதிலும் தவறுகள் அதிகம். முக்கியமான தவறு சின்னத்தில். ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக இந்தியா, இலங்கை, பர்மா பகுதியில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்தும் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்பதுதான் தென்கிழக்கு ஆசியக் கமாண்டின் அடையாளம். இங்கேயும் நாள் முக்கியம். 1942 ஏப்ரல் 9-ல் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பி ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கப் போன 11-ஆம் ஸ்குவாட்ரனின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களுக்குச் சிவப்பு மையமுள்ள பழைய சின்னம்தான் வர வேண்டும், இரட்டை நீலம் அதற்குப் பிறகு வந்தது.

லிபரேட்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்புக் குண்டுவீச்சு விமானங்களில் இன்னொரு சிக்கல். 160-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு சிகிரியா, மின்னேரியா, காங்கேசன்துறை தளங்களிலிருந்து பறந்தது. காங்கேசன்துறைத் தளம்தான் இன்றைய பலாலி விமான நிலையம். போர் முடிந்தபின் இந்தியாவில் விட்டுச் சென்ற லிபரேட்டர்களை பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் சீர்செய்து கொடுக்க, இந்திய விமானப்படை 1968 வரை ஓட்டியது. உலக அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் பல அப்படி இங்கிருந்து போனவை. பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள கேஎன் 751-உம் அதில் ஒன்று. அமெரிக்காவுக்குப் போனவற்றில் சில ஐரோப்பிய வானில் பறந்த அமெரிக்க விமானங்களின் வண்ணத்தைப் பூசிக்கொண்டன, அதைப் பார்த்து அந்த விமானம் அங்கேயே பறந்ததாக எழுதிவைத்து ஸ்கின் செய்கிறார்கள். பதிவெண்ணைத் தேடினால் இந்தியப் பணிக்காலம் வந்துவிடும்.

காங்கேசன்துறை லிபரேட்டர் ஒன்றைச் செய்யப் போகிறவர் பழைய படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஃபிலிம் வகை. ஆர்த்தோ படத்தில் வெளிர்நீலம் ஏறக்குறைய வெள்ளையாக விழும், கருநீலமும் வெளுத்து நடுச்சாம்பலாகும். நடுவில் வெள்ளை என்று நினைத்து வெள்ளை போட்டுவிடாமல், அதே படத்தில் உறுதியான வெள்ளை ஒன்றை, ஒரு சட்டையையோ சுண்ணாம்பு அடித்த கல்லையோ தேடிப் பிடித்து அதோடு ஒப்பிடுங்கள். சின்னத்தின் மையம் அதைவிட ஒரு படி மங்கலாக இருந்தால் அது நீலம்.